புது வருஷத்துச் சங்கற்பமும் குடியானவரும்

சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து, கொழுவுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, ஊரார் ஒன்று கூடி நல்லேர் பூட்டும் வழக்கம் நம் கிராமங்கள் பலவற்றில் இன்றும் மறைந்துபோகவில்லை. காளைகள் நின்ற இடத்தில் டிராக்டர் நிற்கிறது என்பதைத் தவிர வித்தியாசம் அதிகமில்லை. அன்றைய தினம் ஒவ்வொரு குடியானவரும் தம் மனத்துக்குள் ஏதேனும் ஒரு சங்கற்பம் செய்துகொள்வது இயல்பு. "இவ்வருஷம் கடனை அடைத்துவிட வேண்டும்", "இவ்வருஷமாவது பக்கத்து வயலுக்குச் சமமாய் மகசூல் எடுக்க வேண்டும்" என்பன போன்றவை அவை. அவற்றுள் பாதி வைகாசி வெயிலில் வாடிவிடும். மீதி ஆடிக் காற்றில் பறந்துவிடும். இதை எழுதுகிற நானும் விலக்கல்ல. ஜனவரி மாதத்தில் நான் வாங்கிய நாட்குறிப்புப் புஸ்தகங்கள் பல, பிப்ரவரிக்கு மேல் வெள்ளைத்தாளாகவே என் பெட்டியில் கிடக்கின்றன.

சங்கற்பம் நிலையாமைக்கு நம் மனத்தின் சோம்பலே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. பயிர்த்தொழிலைப் பொறுத்தமட்டில் அது முழு உண்மையன்று. சங்கற்பம் செய்யும் காலமும், செய்யும் விதமும் தவறாக இருப்பதே பெரும்பாலும் காரணமாகும்.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். நமக்கு வருஷம் என்பது ஒன்றல்ல. பஞ்சாங்கத்தின் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. ஆபீஸ்களில் தொங்கும் காலண்டர் ஜனவரியில் மாறுகிறது. பாங்கிகளின் கணக்கு வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலும், கிராமக் கணக்குகளில் வழங்கும் பசலி ஜூலை முதல் தேதியிலும் தொடங்குகின்றன. இவற்றுள் எதுவும் சம்பா சாகுபடி செய்கிறவரின் வருஷம் அன்று. அவருடைய வருஷம், களத்தில் நெல் தூற்றி முடிந்து வைக்கோற்போர் மூடப்படும் நாளில் முடிகிறது. மறுநாளே அடுத்தது தொடங்கிவிடுகிறது. எந்த மடையில் நீர் வடியவில்லை, எந்த வரப்பு உடைந்தது, எந்த ஆள் சொன்ன நாளில் வரவில்லை, எந்த உரம் வீணாயிற்று என்பதெல்லாம் அப்போதுதான் நினைவில் பசுமையாக இருக்கும். சித்திரைக்குள் அவை மங்கிவிடும். ஆதலின் வரும் வருஷத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க மாசி மாதத்தைவிட உகந்த காலம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

செய்யும் விதத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஒரு குடியானவர் வீட்டுத் திண்ணையில். அவர் காவேரிப் பாசனத்தின் கடைமடையில் மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். 2024-ம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை அவரைக் காணச் சென்றிருந்தேன். திண்ணைச் சுவரில் "ஏக்கருக்கு 35" என்று கரியால் பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழ் சிறிய எழுத்தில் 22, 26, 19 என்று மூன்று எண்கள். விசாரித்தபோது, மேலே உள்ளது மூன்று வருஷங்களாக அவர் செய்துவரும் சங்கற்பம் என்றும், கீழே உள்ளவை அம்மூன்று வருஷங்களில் கண்ட மூட்டைகள் என்றும் சொன்னார்.

"இவ்வருஷம் 35-ஐ அழித்துவிட்டு 30 என்று எழுதலாம் என்று நினைக்கிறேன், தம்பி. எட்டக் கூடியதாக இருக்கட்டும்" என்றார்.

அவர் மனைவியார் உள்ளிருந்து மோர் கொண்டுவந்து வைத்தவர், அங்கேயே நின்றார். "எண்ணை மாற்றினால் நெல் விளைந்துவிடுமா? மூட்டை உங்கள் கையில் இல்லை. நாற்று விடுகிற தேதி உங்கள் கையில்தான் இருந்தது. போன வருஷம் அதைத் தள்ளித் தள்ளிப் புரட்டாசிக் கடைசியில் அல்லவா விட்டீர்கள்? என் வளையலை மீட்கிற தேதியும் அதோடு தள்ளிப் போயிற்று" என்றார்.

குடியானவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. பத்து வருஷம் பிரசங்கம் செய்தும் நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகமே. நெல்லின் மகசூல் மழையையும், வெயிலையும், பூச்சியையும், ஆற்று நீரையும் சார்ந்தது. மேட்டூர் அணையைக் குறுவைக்காகத் திறக்க வழக்கமாகக் குறிக்கப்பட்ட தேதி ஜூன் 12. ஆனால் 2019-ல் ஆகஸ்டு 13-ம் தேதியும், 2020-ல் குறித்தபடி ஜூன் 12-ம் தேதியும், 2022-ல் அதற்கும் முன்பாக மே 24-ம் தேதியும் திறக்கப்பட்டது. இத்தகைய நிலையில் மூட்டைக் கணக்கைச் சங்கற்பமாக வைத்துக்கொள்வது, பிறர் கையிலுள்ள பொருளுக்கு நாம் வாக்குக் கொடுப்பதாகும். அது தவறும்போது மனம் சோர்ந்து, நம் கையில் உள்ளதையும் கைவிட்டுவிடுகிறோம்.

ஆகவே அன்று மாலை மூவருமாக உட்கார்ந்து, மூட்டையை ஒதுக்கிவிட்டுத் தேதிகளை எடுத்துக்கொண்டோம். பொங்கலில் தொடங்கிப் பின்னோக்கி எண்ணினோம். இந்த முறையைச் சற்று விவரமாகச் சொல்லுவது பிரயோஜனமாகும்.

அவர் பயிரிடுவது ஏறக்குறைய 135 நாள் வயதுள்ள மத்திய கால ரகம். ஜனவரி 14-ம் தேதி, அதாவது போகியை ஒட்டி, கதிர் முற்ற வேண்டுமானால் நாற்றங்காலில் விதை விழ வேண்டிய நாள் செப்டம்பர் முதல் தேதி, ஆவணி நடு. நெல் எந்த ரகமாயினும் பூத்ததிலிருந்து முற்றுவதற்குச் சுமார் 30 நாட்கள் பிடிக்கும். ஆகவே இப்பயிர் டிசம்பர் நடுவில், ஐப்பசி கார்த்திகையின் கனத்த மழை பெரும்பாலும் ஓய்ந்த பிறகு பூக்கும். நாற்று 26 நாள் வயதில், செப்டம்பர் 27-ம் தேதியளவில் நடவாகிவிட்டால், பெருமழை வரும்போது பயிர் வேரூன்றித் தூர்கட்டி நிற்கும். ஒரு மாதம் பிந்தினால் அதே மழையில் இளம்பயிர் மூழ்கும். அறுவடையும் மாசிக்குத் தள்ளிப்போய், அதன் பின் விதைக்க வேண்டிய உளுந்து கோடையில் மாட்டிக்கொள்ளும். ஒரு தேதி தவறுவதால் இரண்டு பயிர்கள் கெடுகின்றன. (சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால ரகங்களைப் பயிரிடுவோர், அவற்றின் வயது 155 நாட்களுக்கு மேல் என்பதை நினைவில் வைத்து, ஆகஸ்டு முதல் பாதியிலேயே நாற்று விட வேண்டும்.)

இன்னும் பின்னோக்கிச் சென்றோம். நடவுக்குச் சுமார் பத்து நாள் முன்பாகத் தக்கைப்பூண்டை மடக்கி உழுதுவிட வேண்டும். அது பூக்கும் பருவமாகிய 45 நாள் வளர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் விதைக்கும் நாள் ஆகஸ்டு 3. ஆடிப்பெருக்கு! அம்மையார் சிரித்துவிட்டார். "நம் பெரியவர்கள் சும்மா வைக்கவில்லை" என்றார். ஏக்கருக்கு 20 கிலோ வீதம் விதை வேண்டும். அதை ஆடி பிறப்பதற்கு முன்பே வாங்கி வீட்டில் வைத்திருக்க வேண்டும். ஆடிப்பெருக்கன்று கடைக்கு ஓடுகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய விதையே.

மண் பரிசோதனை அதற்கும் முன்னால், வயல் காய்ந்து கிடக்கும் வைகாசியில் வந்து நின்றது. வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றை விலக்கி, பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு "வி" வடிவில் குழி வெட்டி, அதன் பக்கத்திலிருந்து மண்ணைச் சீவி எடுத்து, ஒன்றாய்க் கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரை கிலோ மிஞ்சும்வரை குறைத்து அனுப்ப வேண்டும். மூன்று ஏக்கருக்கு இது அரை நாள் வேலை. அவர் முப்பது வருஷமாகச் சாகுபடி செய்தும் இதை ஒரு முறையும் செய்ததில்லை. பக்கத்து வயலில் யூரியா போட்ட சத்தம் கேட்டால் நாமும் போடுவது என்பதே வழக்கம் என்று அவரே ஒப்புக்கொண்டார். இலை வண்ண அட்டையை இலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, நிறம் குறைந்தால் மட்டும் மேலுரமாகத் தழைச்சத்து இடலாம் என்று சொன்னபோது, "அட்டையைப் பார்க்க எனக்குக் கண் போதாது, பேத்தி பார்ப்பாள்" என்றார்.

விதை விஷயத்தில் அவருக்கு ஒரு பழைய காயம் உண்டு. சுவரிலிருந்த 19 என்ற எண்ணுக்குரிய வருஷத்தில், கடைசி நேரத்தில் ஒரு கடையில் வாங்கிய விதை பாதிக்கு மேல் முளைக்காமல் போய், பிறரிடம் நாற்றுக் கடன் வாங்கி நட்டிருந்தார். விதைப்பதற்கு முன் நூறு விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து எண்ணிப் பார்த்திருந்தால் இந்த நஷ்டம் நேர்ந்திராது. நெல்லுக்கு நூற்றுக்கு 80 முளைப்பது சான்று விதையின் குறைந்த அளவு. பத்து லிட்டர் நீரில் ஒன்றரை கிலோ உப்பைக் கரைத்து, விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை நீக்கி, அடியில் தங்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவி விதைப்பது நம் இலாகா நெடுங்காலமாகச் சொல்லிவருவது. சொல்லிச் சொல்லி எங்களுக்கே அலுத்துவிட்டது, செய்கிறவர்கள் மட்டும் சிலரே. இவர் ஏக்கருக்கு 30 கிலோ விதைத்து வந்தார். மத்திய கால ரகத்துக்கு 16 கிலோவும், அதற்கு எட்டு சென்ட் நாற்றங்காலும் போதும். நெருக்கமாய் விதைத்த நாற்று மெலிந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. முளைக்காமற் போய்விடுமோ என்ற பயமே 30 கிலோவாக நாற்றங்காலில் விழுந்தது.

பிறகு பணத்தைப் பற்றிய பேச்சு வந்தது. இதில்தான் மனிதர்கள் மௌனமாகிவிடுகிறார்கள். வரவுசெலவுக் குறிப்பு எதுவும் அவரிடம் இல்லை. அம்மையாருடைய ஞாபகமே கணக்குப் புஸ்தகம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உழவு, விதை, நடவுக் கூலி, களை, உரம், மருந்து, அறுவடை இயந்திரத்தின் வாடகை என்று வரிசையாய் எழுதி, கடைசியில் அடகுக் கடை வட்டி என்று எழுதியபோது, அது உரச் செலவைக் காட்டிலும் அதிகமாயிருந்ததை மூவரும் கண்டோம். குடியானவர் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். கூட்டுறவுச் சங்கத்தில், குறித்த தவணைக்குள் திருப்பிக் கட்டுவோருக்கு வட்டியில்லாமலே பயிர்க்கடன் கிடைக்கும் ஏற்பாடு நம் மாநிலத்தில் இருக்கிறது. முன்னொரு வருஷம் தவணை தவறியதால் அவர் அந்தக் கதவைத் தாமே அடைத்துக்கொண்டு, நகையை எடுத்துக்கொண்டு வேறு வாசலுக்குப் போயிருந்தார். தவணைத் தேதியை நாற்று விடும் தேதிக்குச் சமமாய் மதித்திருந்தால் வளையல் வீட்டில் இருந்திருக்கும்.

இவ்வாறாக ஆறு காரியங்கள் நிச்சயமாயின: வைகாசியில் மண் அனுப்புவது, ஆனிக்குள் தக்கைப்பூண்டு விதையும் நெல் விதையும் வாங்கி முளைப்புப் பார்ப்பது, ஆவணி நடுவில் நாற்று விடுவது, பயிர் இன்ஷூரன்ஸைக் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே கட்டுவது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் செலவு எழுதுவது, சங்கத்தின் பழைய பாக்கியை உளுந்துப் பணத்தில் தீர்ப்பது. ஏழாவதாக ஒன்று சேர்க்க நான் முயன்றேன். திருந்திய நெல் சாகுபடி முறையில் 14 நாள் நாற்றைச் சதுர நடவாக ஒரு ஏக்கரில் நட்டுப் பார்க்கலாம் என்றேன். அம்மையார் தடுத்துவிட்டார். "ஆறே அதிகம், பழகாத காரியம் அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னது சரியே. எங்கள் உத்தியோகத்தில் உள்ளோருக்கு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திருத்திவிட வேண்டும் என்னும் ஆசை உண்டு.

சுவரில் இருந்த 35-ஐ அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் அரிசி மண்டிக் காலண்டர் ஒன்றை மாட்டி, ஆறு காரியத்துக்கும் உரிய நாட்களில் பேத்தி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள்.

அவ்வருஷம் வானமும் ஆறும் எங்கள் வட்டங்களை மதிக்கவில்லை. மேட்டூர் 2024 ஜூலை 28-ம் தேதிதான் திறக்கப்பட்டது. கடைமடைக்கு நீர் வந்து சேர்வதற்குள் ஆடிப்பெருக்கு கழிந்துவிட்டது. பக்கத்து வயலாரின் போர் நீரைக் கொண்டு ஒரு ஏக்கரில் மட்டும் தக்கைப்பூண்டு விதைத்தார். மற்ற இரண்டு ஏக்கருக்கும் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் நின்ற புங்கம், வேம்பு, கிளைரிசிடியாத் தழையை வெட்டிப் போட்டு மிதித்தார். ஏக்கருக்கு இரண்டரை டன் என்பது சிபார்சு, அவருக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இராது. மண்ணை அனுப்பியிருந்தார், முடிவு வந்த அட்டையைப் பத்திரமாகக் கொழுமோர் டப்பாவுக்கு அருகே அலமாரியில் வைத்துவிட்டுப் பார்க்க மறந்துவிட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாற்று மட்டும் ஆவணி 18-ம் தேதி விழுந்தது. இரண்டு நாள் பிந்தியதற்கு அவர் எனக்கு டெலிபோனில் சமாதானம் சொன்னார்!

நவம்பர் மாதக் கடைசி வாரத்தில், பின்னர் பெஞ்சல் புயல் என்று பெயர் பெற்ற மழை டெல்டாவில் கொட்டித் தீர்த்தது. பிந்தி நட்ட சம்பாவும் தாளடியும் பல இடங்களில் நீருக்குள் மறைந்தன. இவருடைய பயிர் நட்டு இரண்டு மாதமாகி இடுப்பளவு உயர்ந்து நின்றதால், பள்ளத்தில் இருந்த அரை ஏக்கர் தவிர மற்றதெல்லாம் தலை மூழ்கவில்லை. தாழ்ந்த மூலையில் வடிகாலை அவரும் மகனும் இரவோடு இரவாக வெட்டிவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் ரசீது முன்பே வாங்கியிருந்ததால், அந்த வாரத்தில் ஊரார் பலர் சேவை மையத்தின் வாசலில் வரிசையில் நின்றபோது அவர் வயலில் நிற்க முடிந்தது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் தொடங்கிய நாள் முதல் உணவுப் பயிர்களுக்குக் குடியானவர் செலுத்த வேண்டியது காரிப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 2, ரபியில் ஒன்றரைதான். தொகை பெரிதல்ல, தாமதமே பெரிது.

2025 மாசியில் மறுபடியும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தேன். சுவரில் 22, 26, 19 என்பவற்றின் கீழ் 27 என்று எழுதியிருந்தது. முப்பத்தைந்து எங்கே, இருபத்தேழு எங்கே என்று கேட்பவர்கள் கேட்கலாம். பள்ளத்து அரை ஏக்கரையும் சேர்த்த சராசரி அது. அவ்வருஷத்து மழையில் அது குறைவானதல்ல என்று நான் கருதுகிறேன். விதையில் மிச்சம், யூரியாவில் ஒரு மூட்டை மிச்சம். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பாக, மண்ணில் மெழுகுபோன்ற ஈரம் இருக்கையில் ஏக்கருக்கு 12 கிலோ வீதம் ஆடுதுறை 3 உளுந்தை நெற்பயிருக்குள் தூவியிருந்தார். நான் போனபோது அது பூத்திருந்தது. ஏக்கருக்கு நான்கு கிலோ டி.ஏ.பி.யை முந்தின இரவு ஊறவைத்துத் தெளிந்த நீரை வடித்து, 200 லிட்டர் நீரில் கலந்து தெளிப்பதற்கு ஆள் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமைக் கணக்கு நோட்டை அம்மையார் கொண்டுவந்து காட்டினார். ஐப்பசி வரையில் வாரந்தோறும் எழுதியிருந்தது. மழை வாரங்களில் இரண்டு பக்கம் வெறுமையாக இருந்து, பின் மார்கழியிலிருந்து மீண்டும் தொடர்ந்தது. வெறும் பக்கத்தின் மேல் "மழை" என்று மட்டும் பேத்தியின் எழுத்து. வளையலில் ஒரு ஜோடி வந்துவிட்டது. அவர் கையில் இருந்தது. மற்றொன்று உளுந்து விற்ற பிறகு சங்கத்துப் பாக்கி போக மிஞ்சினால் வரும் என்றார்கள்.

"இவ்வருஷம் அந்தச் சதுர நடவைப் பார்க்கலாமா, தம்பி? ஒரு ஏக்கர்தான்" என்று குடியானவர் கேட்டார்.

"அந்த மண் அட்டையை முதலில் அலமாரியிலிருந்து எடுங்கள்" என்றார் அம்மையார்.

அட்டையை எடுத்துவந்தார். மூவருமாக அதைப் பார்த்தோம். மணிச்சத்து நடுத்தரம், சாம்பல்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு என்று இருந்தது. இதுவரை போட்டுவந்த பொட்டாஷில் குறைக்க இடமுண்டு. புதிய காலண்டரைப் பேத்தி கொண்டுவந்தாள். வைகாசியில் மண் எடுக்க வேண்டியதில்லை, அட்டை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் போதும் என்றேன். அந்த வட்டத்தைச் சதுர நடவுக்கான நாற்றுப் பாய் தயாரிக்கும் நாளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள். தக்கைப்பூண்டு விதை எங்கள் விரிவாக்க மையத்துக்கு ஆனி முதல் வாரத்தில் வந்துவிடுமா என்று கேட்டாள். அதை என் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு புறப்பட்டேன்.